ஐரிஷ் முறையில் ஹாலோவீன் இரவு: பேய்க்கதையும் பார்ம்பிராக்கும் – முழுமையான வழிகாட்டி

ஹாலோவீன் என்றவுடன் அமெரிக்கத் திரைப்படங்களில் வரும் பூசணி விளக்குகளும் மிட்டாய்ப் பைகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பண்டிகை வேர்விட்ட அயர்லாந்தில், அக்டோபர் 31ஆம் தேதி இரவை நடத்திச் செல்பவை வேறு: டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு, அடுப்படியைச் சுற்றி அமர்ந்து கேட்கும் கதை, மோதிரமும் நாணயமும் ஒளித்துச் சுட்ட பார்ம்பிராக் என்னும் உலர்பழ ரொட்டி. இவற்றை வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் கருத்தில் கொள்ள வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: கதை முடிந்த பிறகே ரொட்டியை வெட்ட வேண்டும். பயந்து, சிரித்து, மறுபடியும் பயந்து அமர்ந்திருப்பவர்களின் கையில், அடுத்த ஓராண்டுக்கான பலன் ஒளிந்திருக்கும் ஒரு துண்டைக் கொடுக்கும்போது, அதுவரை வேறு யாருக்கோ நடந்ததாக இருந்த கதை அவர்களுடையதாகிவிடுகிறது. இந்த வழிகாட்டியின் படிகள் அனைத்தும் அந்த வரிசையை ஒட்டியே அமைந்தவை.

பண்டிகையின் பின்னணியைக் கதைசொல்பவர் அறிந்திருப்பது நல்லது. பண்டைய அயர்லாந்து மக்கள் பின்பற்றிய கெல்டிக் நாட்காட்டியில் அறுவடை முடிந்து, மேய்ச்சல் நிலங்களிலிருந்து கால்நடைகளை ஓட்டி வந்து, குளிர்காலம் தொடங்கும் நாள் சௌவின் எனப்பட்டது. அக்டோபர் 31 மாலை தொடங்கி நவம்பர் 1 வரை நீடித்த அந்த வேளையில் இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் இடையே உள்ள வாயில் திறந்துகொள்ளும் என்று மக்கள் நம்பினார்கள். ராஸ்காமன் மாவட்டத்தில் ராத்க்ரோகன் என்ற இடத்தில் உள்ள ஒரு குறுகலான குகையிலிருந்துதான் அன்றிரவு மறுவுலக உயிர்கள் வெளியே வரும் என்று இடைக்கால ஐரிஷ் கதைகள் கூறுகின்றன. பின்னர் கிறித்தவத் திருச்சபை நவம்பர் 1ஐ அனைத்துப் புனிதர் பெருவிழாவாகக் கொண்டாடத் தொடங்கியபோது, அதன் முந்தைய மாலை ஹாலோவீன் ஆயிற்று. அடுத்த நாளான நவம்பர் 2 இறந்தோரை நினைவுகூரும் நாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூச்சூட்டி, மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் அதுவே. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் கடல் கடந்தார்கள். அவர்களோடு இந்த வழக்கமும் அமெரிக்காவில் பரவியது. அங்கே எளிதில் கிடைத்ததும் குடைவதற்கு மென்மையானதுமான பூசணி, டர்னிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் முன்னதாக: பழங்களை ஊறவைத்தல்

பார்ம்பிராக்கின் பழைய வடிவம் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்துச் சுடுவது. இன்று ஐரிஷ் வீடுகளில் பெரும்பாலும் செய்வது அதன் எளிய உறவான தேநீர் பிராக். இதில் ஈஸ்ட்டும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது. ரொட்டிக்கு ஈரத்தையும் மணத்தையும் தருவது பழங்கள் குடித்த தேநீர்தான். முதன்முறை செய்பவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

அக்டோபர் 29 இரவில் 300 மில்லி கொதிநீரில் இரண்டு தேநீர்ப் பைகளையோ இரண்டு தேக்கரண்டி தேயிலைத் தூளையோ போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து, பால் சேர்க்காமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். அது வழக்கமாக நாம் குடிப்பதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். இலேசான தேநீரின் சுவை பழத்தின் இனிப்பில் காணாமல் போய்விடும். ஓர் அகலமான பாத்திரத்தில் 375 கிராம் உலர்பழங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உலர்திராட்சையும் மஞ்சள் உலர்திராட்சையும் ஏறக்குறைய சம அளவாகவும், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் ஒரு கைப்பிடியும் இருந்தால் போதும். அதனுடன் 125 கிராம் நாட்டுச் சர்க்கரையைச் சேர்த்து, சூடான தேநீரை ஊற்றிக் கிளறி, மூடி, இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். பெரியவர்கள் மட்டுமே கூடும் இரவென்றால் தேநீரில் 50 மில்லியைக் குறைத்து அந்த அளவுக்கு ஐரிஷ் விஸ்கி சேர்ப்பவர்களும் உண்டு.

காலையில் திறந்து பார்த்தால், சுருங்கிக் கிடந்த திராட்சைகள் தோல் இறுகும்வரை உப்பியிருக்கும். விரல்களுக்கிடையில் ஒன்றை நசுக்கினால் துவர்ப்பு கலந்த சாறு வெளிவரும். பாத்திரத்தின் அடியில் கரும்பழுப்பாகக் கொஞ்சம் தேநீர்ப் பாகு தேங்கி நிற்கும். அதை வடித்துக் கொட்டிவிடக் கூடாது. மாவைப் பிணைக்கப்போகும் நீர் அதுதான்.

ஒரு நாள் முன்னதாக: பிராக் சுடுதல்

பிராக்கை அக்டோபர் 30 அன்றே சுட்டுவிடுவது நல்லது. சுட்ட அன்று வெட்டினால் துண்டுகள் உதிரும். ஒரு நாள் சுற்றிவைத்தால் பழத்தின் ஈரம் ரொட்டி முழுவதும் பரவி, கத்திக்கு இணங்கி வரும்.

225 கிராம் மைதாவுடன் இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி மசாலாப்பொடி ஆகியவற்றைக் கலந்து சலித்துக்கொள்ளுங்கள். மசாலாப்பொடி என்பது இங்கே பட்டைப்பொடி பாதி, ஜாதிக்காய்ப்பொடி கால் பங்கு, மீதி கிராம்பும் சுக்கும் சேர்ந்தது. ஊறிய பழங்களில் அடித்த முட்டை ஒன்றை ஊற்றிக் கலக்கி, பின்னர் மாவைச் சேர்த்து மரக்கரண்டியால் மெதுவாகப் புரட்டுங்கள். மாவின் வெண்மை மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து அடித்தால் ரொட்டி இறுகிவிடும். கரண்டியைத் தூக்கினால் கலவை ஒழுகாமல், சற்றுத் தயங்கிக் கட்டியாக விழ வேண்டும். அது கெட்டியாக இருந்தால் ஒன்றிரண்டு கரண்டிப் பாலோ தேநீரோ விடலாம். முட்டை சேர்க்காதவர்கள் 60 மில்லி கெட்டித் தயிரைப் பயன்படுத்தலாம். ரொட்டி சற்று அடர்த்தியாக வரும், சுவையில் குறையிருக்காது.

சுமார் ஒரு கிலோ கொள்ளும் நீள ரொட்டி அச்சில் பேக்கிங் தாள் விரித்து, கலவையை நிரப்பி, 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் (காற்றாடி உள்ள ஓவன் என்றால் 160) ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை சுட வேண்டும். முக்கால் மணி நேரம் கடந்ததும் மேற்புறத்தைப் பாருங்கள். அதிகம் கறுத்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் திராட்சைகள்தான் முதலில் கருகிக் கசக்கும் என்பதால், ஓவனில் வைப்பதற்கு முன்பே அவற்றை விரலால் உள்ளே அழுத்திவிடுவது என் வழக்கம். நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

ஓவன் இல்லாத வீட்டில் குக்கரில் செய்யலாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு வட்டப் பாத்திரத்தில் கலவையை ஊற்றி உள்ளே வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். மேற்புறம் ஓவனில் வருவதைப்போல் சிவக்காது. அடுத்த படியில் வரும் பாகு அந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.

சூடாக இருக்கும்போதே ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரையை அதே அளவு வெந்நீரில் கரைத்து மேலே தடவுங்கள்; ரொட்டி பளபளக்கும். கால் மணி நேரம் அச்சிலேயே விட்டு, பிறகு எடுத்து முழுவதும் ஆறவிடுங்கள்.

ரொட்டிக்குள் ஒளியும் பொருட்கள்

வழக்கமாக பிராக்கினுள் ஒளிக்கும் பொருட்களுக்குத் தனித்தனிப் பலன் உண்டு. மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம் நடக்கும். நாணயம் கிடைத்தவருக்குச் செல்வம் சேரும். கந்தல் துணி கிடைத்தவரை வறுமை தொடும். பட்டாணி கிடைத்தவருக்கு அந்த ஆண்டு திருமணம் இல்லை. சிறு குச்சி கிடைத்தவரின் இல்லறத்தில் சண்டை ஓயாது. இன்று அயர்லாந்தின் கடைகளில் விற்கும் பிராக்கில் பெரும்பாலும் மோதிரம் மட்டுமே இருக்கும். வீட்டில் செய்யும்போது எல்லாவற்றையும் வைப்பதே சிறப்பு, ஏனென்றால் கெட்ட பலன்களும் இருந்தால்தான் கத்தி இறங்கும்போது அறை அமைதியாகும்.

இவற்றை மாவில் போட்டுச் சுடுவதைவிட, ஆறிய ரொட்டியின் அடிப்புறத்தில் சிறு கீறல்கள் போட்டு உள்ளே செருகுவது பாதுகாப்பானது. கல் பதிக்காத எளிய உலோக மோதிரம், கழுவி உலர்த்திய நாணயம், கொதிநீரில் அலசிய பருத்தித் துணுக்கு, உலர்ந்த பட்டாணி, விரல் நகத்தைவிடச் சற்றே நீளமான குச்சி ஆகிய ஒவ்வொன்றையும் கண்ணுக்கு எளிதில் தெரியும் அளவுக்குப் பெரிதான பேக்கிங் தாளில் தனித்தனியாகச் சுற்றிவையுங்கள். உள்ளே பொருட்கள் இருப்பதை உண்பதற்கு முன் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒன்றும் ஒளிக்காத தனிச் சிறு ரொட்டி கொடுப்பதே சரி. இதில் சமரசம் வேண்டாம்.

பண்டிகை நாள் பிற்பகல்: விளக்கு

மேயோ மாவட்டத்தில் உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்க்கைப் பிரிவில், டோனிகால் பகுதியின் டர்னிப் விளக்கு ஒன்றை அச்செடுத்த வார்ப்பு இருக்கிறது. குழிந்த கண்களும் இடுங்கிய பற்களும் சுருங்கிய தோலுமாக இருக்கும் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு, பூசணியின் அகன்ற சிரிப்பு சாதுவாகத்தான் தோன்றும்.

ஊதா நிற மேற்புறமும் மஞ்சள் சதையும் கொண்ட பெரிய டர்னிப் கிடைத்தால் அடியைத் தட்டையாகச் சீவி, தலைப்பகுதியை மூடியாக வெட்டி எடுங்கள். சதை மிகவும் கடினமானது. கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, உறுதியான கரண்டியால் சிறிது சிறிதாகச் சுரண்ட வேண்டும். சுவர் ஒரு சென்டிமீட்டர் தடிமன் வரும்வரை பொறுமை தேவை. கண்களையும் வாயையும் பெரியவர்களே வெட்டட்டும். டர்னிப் கிடைக்காத ஊரில் சிறிய பரங்கிக்காய் போதும். உள்ளே பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. மெழுகுவத்தி வைப்பது குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது. சுரண்டிய டர்னிப்பை வேகவைத்து, வெண்ணெயும் மிளகும் சேர்த்து மசித்தால் இரவு உணவுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

கதை சொல்லும் கலை

அயர்லாந்தில் மரபுவழிக் கதைசொல்லிகளை ஷானஹி என்பார்கள். சௌவின் தொடங்கி மே மாதத் தொடக்கம் வரையிலான நீண்ட இரவுகளே அவர்களது பருவம். அக்டோபர் இறுதியில் டப்ளினில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அத்தனை கதைகள் எப்படித் தேவைப்பட்டன என்பது புரியும். 1935இல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் இந்தக் கதைகளை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளின் மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்ட கதைகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தந்தார்கள். அந்தத் தொகுப்பு இப்போது இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கதை தேடுபவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

ஓரிரவுக்கு இரண்டு கதைகள் போதும். முதலாவது, கையில் இருக்கும் விளக்கையே காட்டிச் சொல்லக்கூடிய கஞ்சன் ஜாக்கின் கதை. குடித்ததற்குக் காசு கொடுக்க மனமில்லாத ஜாக், சாத்தானை ஒரு நாணயமாக மாறச் சொல்லி, சிலுவை இருந்த பைக்குள் போட்டு மாட்டிவைக்கிறான். பிறகு ஒரு முறை மரத்தில் ஏற்றிவிட்டு, அடிமரத்தில் சிலுவைக் குறி செதுக்கி, தன் உயிரை ஒருபோதும் எடுப்பதில்லை என்று வாக்கு வாங்குகிறான். அவன் இறந்தபோது சொர்க்கம் அவனை ஏற்கவில்லை. வாக்குக் கொடுத்த சாத்தானாலும் நரகத்தில் சேர்க்க முடியவில்லை. இருட்டில் எங்கே போவேன் என்று அவன் கேட்க, சாத்தான் எரியும் கரித்துண்டு ஒன்றை எறிகிறான். ஜாக் அதைத் தான் தின்றுகொண்டிருந்த டர்னிப்பைக் குடைந்து அதற்குள் வைத்துக்கொண்டு இன்றுவரை அலைகிறான். இந்தக் கதையில் சிரிப்பும் உண்டு. கேட்பவர்களை நெருங்கி உட்காரவைக்க அது உதவும்.

இரண்டாவது கதை பான்ஷீ என்னும் பெண் ஆவியைப் பற்றியது. பான்ஷீ யாரையும் கொல்வதில்லை. சில பழங்குடும்பங்களில் மரணம் நெருங்கும்போது வீட்டுக்கு வெளியே நின்று ஒப்பாரி வைப்பவள். அவள் நீண்ட தலைமுடியைச் சீவிக்கொண்டே அழுவாள் என்பதால், வழியில் கிடக்கும் சீப்பை எடுக்கக் கூடாது என்று ஐரிஷ் தாய்மார்கள் பிள்ளைகளை எச்சரிப்பதுண்டு. அந்த எச்சரிக்கையிலிருந்து பிறந்த கதை அயர்லாந்தின் பல பகுதிகளில் வழங்குகிறது. ஒருவன் இரவில் வீடு திரும்பும் வழியில் ஒரு சீப்பைக் கண்டு எடுத்து வருகிறான். நள்ளிரவில் சன்னலுக்கு வெளியே அழுகுரல் கேட்கிறது, கண்ணாடி அதிர்கிறது. வீட்டிலுள்ள முதியவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, சீப்பைக் கையால் கொடுக்காதே என்கிறார். அடுப்பிலிருந்த இரும்பு இடுக்கியில் சீப்பைப் பிடித்துச் சன்னல் வழியே நீட்டுகிறான். சீப்பு பறிக்கப்படுகிறது. இடுக்கியை உள்ளே இழுத்துப் பார்த்தால், அதன் இரண்டு நுனிகளும் முறுக்கி வளைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தக் கதை ஏன் பயமுறுத்துகிறது என்று யோசித்தால் சொல்லும் முறையும் கைவரும். பான்ஷீயை நாம் பார்ப்பதே இல்லை; வளைந்த இரும்பை மட்டும் பார்க்கிறோம். அந்த இடத்தில் கை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கேட்பவரே எண்ணிக்கொள்கிறார். ஆகவே நீங்கள் அதைச் சொல்லக் கூடாது. பேயின் கண், பல், நகம் என்று வருணிக்கத் தொடங்கினால் கதை அங்கேயே தளர்ந்துவிடும். மாறாக, இடுக்கியின் கனத்தையும் அது எத்தனை ஆண்டுகளாக அந்த அடுப்பருகில் கிடந்தது என்பதையும் கதையின் தொடக்கத்திலேயே நிதானமாகச் சொல்லிவையுங்கள். பொருளை முதலில் நன்கு பழக்கிவிட்டால், முடிவில் அது உருமாறி வரும்போது விளக்கம் தேவைப்படாது.

தாளைப் பார்த்துப் படிக்காதீர்கள். சொற்களை மனப்பாடம் செய்வதும் வேண்டாம். சீப்பு கிடக்கும் பாதை, படுக்கை, சன்னல், முதியவரின் எச்சரிக்கை, இடுக்கி என ஐந்து காட்சிகளை மட்டும் வரிசையாக நினைவில் வைத்து, முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய ஷானஹிகள் கடற்பயணம், போர் போன்ற இடங்களுக்கென்று அடுக்குச் சொற்களாலான ஆயத்தப் பகுதிகளை வைத்திருந்தார்கள். அவற்றைத் தடையின்றி வேகமாகச் சொல்லும் நேரத்தில் அடுத்த காட்சியை மனத்தில் எடுத்துக்கொள்வார்கள். நம் கதையில் வீடு திரும்பும் வழியை அப்படி ஓர் ஓட்டமாக அமைக்கலாம். ஆளைப் பெரிய வீரனாக்காமல், பக்கத்து ஊர்க்காரர் ஒருவராக வைத்துக்கொள்வது நல்லது. அழுகுரலைச் சத்தமாகக் கத்திக் காட்டுவதைவிட, குரலைத் தாழ்த்தி, மூச்சு மட்டும் நீளும்படி ஒலிப்பது கூடுதலாக உறைக்கும். கடைசி வாக்கியத்துக்குப் பின் பத்து நொடியேனும் பேசாமல் இருங்கள்; அதன் பொருளை விளக்கவோ, இதெல்லாம் சும்மா என்று ஆறுதல் சொல்லவோ அவசரப்படாதீர்கள். சிறு குழந்தைகள் இருந்தால் முன்கூட்டியே ஜாக்கின் கதையோடு அவர்களைத் தூங்க அனுப்பிவிடுவது அவர்களுக்கும் நல்லது, கதைக்கும் நல்லது.

இரவின் வரிசை

இருட்டியதும் உணவை முடித்து, பெரிய விளக்குகளை அணைத்து, டர்னிப் விளக்கை எல்லோர் கண்ணுக்கும் படும் இடத்தில் வையுங்கள். அறையில் கதைசொல்லியின் முகம் பாதியேனும் தெரிய வேண்டும். முழு இருட்டில் கேட்பவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிவிடுவார்கள். கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஜாக்கின் கதை முதலில், பிறகு அவரவர் கேட்டறிந்த சிறு சம்பவங்கள், கடைசியாகச் சீப்பின் கதை.

அந்த மௌனம் கலைந்ததும் விளக்கை ஏற்றாமலே பிராக்கைக் கொண்டுவந்து, அதில் ஒளிந்துள்ள பொருட்களையும் பலன்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லோரும் பார்க்க வெட்டுங்கள். துண்டு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமனில் இருக்கட்டும். வெட்டி முடித்த பிறகு பெரிய விளக்கைப் போட்டுவிட வேண்டும். தாள் சுற்றிய பொருட்களை வெளிச்சத்தில் தேடுவதே பாதுகாப்பு. உப்பிட்ட வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, பால் சேர்த்த சூடான தேநீரோடு கொடுங்கள். வெண்ணெயின் உப்பும் பழத்தின் இனிப்பும் தேநீரின் துவர்ப்பும் சேரும்போதுதான் பிராக் முழுமையடைகிறது. க்ரீமோ ஐசிங்கோ போட்டு இதைக் கேக்காக்க வேண்டியதில்லை.

எல்லாப் பொருட்களும் கிடைத்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே மீதியை எடுத்துவையுங்கள். மோதிரம் கிடைத்தவரே அதை வைத்துக்கொள்ளலாம். பேக்கிங் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பிராக் நான்கைந்து நாள் தாங்கும். சென்னையைப் போன்ற வெப்பமான ஊர்களில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, உண்ணும் முன் தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டி எடுத்துக்கொள்ளலாம்.